ஒரு சுவரும் இரண்டு கம்பெனியும்

அத்தியாயம் 4

'ஐயாவோ அம்மாவோ, யார் இதைப் படிக்கிறீர்களோ அவர்களுக்கு. நான் இருபத்துநாலு வருடமாக ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு எனக்கு அறுபது வயது. எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று மட்டும் தயவுசெய்து கண்டுபிடித்துச் சொல்லவும்.'

பெயர் இல்லை. கையெழுத்து இல்லை. அடியில் தொழிற்சாலையின் முகவரி மட்டும் இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்தின் ஜீப் டிரைவர் கடிதத்தை ஸ்டியரிங் மேல் விரித்து வைத்து இரண்டு தடவை படித்தார். அலுவலகத்தில் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜீப்பின் ஹாரன் கெட்டுப்போய் நாலு வருடம் ஆகிறது. அதன் வேலையையும் சேர்த்து இவர் வாயே பார்த்துக்கொள்கிறதே, புதிதாக எதற்கு என்று மேலிடமும் விட்டுவிட்டது. பதினோரு வருடமாக அந்த ஜீப்பை ஓட்டுகிறார். ஆரம்பத்தில் தினக்கூலி என்று எடுத்தார்கள். இன்னும் தினக்கூலிதான்.

"மேடம், வேலைக்கு ஆள் தேடற முதலாளியைப் பாத்திருக்கேன். முதலாளியைத் தேடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

பக்கத்து சீட்டில் இருந்த ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவர் உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. ஒல்லியான பெண்மணி. குரலும் ஒல்லி. முதலாளிகள் தங்களுக்குள் அவருக்குத் தூசி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊதினால் பறந்துவிடுவார் போலத்தான் இருப்பார். கண்ணில் விழுந்த பிறகுதான் தெரியும்.

"சட்டம் என்ன சொல்லுது ஹாரன்?"

"இருபது பேர் வேலை செஞ்சா முதலாளி ஓய்வூதிய நிதியில எல்லாரையும் சேக்கணும். பத்தொன்பதுன்னா சேக்க வேண்டாம்."

"அந்த ஒரு ஆளை ஒளிச்சு வைக்கறதுலதான் பாதி முதலாளிங்களோட மூளை செலவாகுது. வண்டியை நிறுத்துங்க. வந்துட்டோம்."

ஹாரன் கீழே குதித்தார். குதித்த வேகத்தில் வலதுகால் செருப்பின் வார் அறுந்துபோனது.

"செருப்புக் கம்பெனி வாசல்லயா அறுந்து போவே?" என்று அதைக் கையில் எடுத்துக் கேட்டார். "சகுனம் நல்லா இருக்கு மேடம். நடங்க."

ஒரே கட்டடம். ஆனால் வாசல் இரண்டு, பலகை இரண்டு, தபால்பெட்டி இரண்டு. முதல் வாசலில் சின்ன முதலாளி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது, பாதி வழுக்கை. அவருடைய அப்பா பெரிய முதலாளியாக இருந்ததால் இவர் சாகும்வரை சின்ன முதலாளிதான். இரண்டாவது வாசலில் அவருடைய மனைவியின் தம்பி நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் மச்சான்.

"இது என் கம்பெனி. அது மச்சான் கம்பெனி," என்றார் சின்ன முதலாளி. "எனக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"சம்பந்தம் இல்லாமலா மச்சான் ஆனார்?" என்றார் ஹாரன்.

ஆய்வாளர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஹாரன் அறுந்த செருப்பை ஆராய ஆரம்பித்தார்.

உள்ளே நீளமான கூடம். அதன் நடுவே நெடுக ஒரு சுவர். இந்தப் பக்கம் பத்துப் பேர் குனிந்து தோல் வெட்டிக்கொண்டும் தைத்துக்கொண்டும் பசை தடவிக்கொண்டும் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒன்பது பேர். சின்ன முதலாளி காகிதங்களை மேஜைமேல் பரப்பினார். உரிமம் இரண்டு. மின்சார மீட்டர் இரண்டு. வருகைப் பதிவேடு இரண்டு. எல்லாம் புத்தம் புதிதாக, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

"சுவர் எப்போ கட்டினது?"

"அது இருக்கும் மேடம், பத்து வருஷம்."

ஹாரன் சுவரில் கை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் புதுச் சிமெண்டுத் தூள் ஒட்டியது. அதைச் சத்தமில்லாமல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் நட்டநடுவில் பெரிய மின்விசிறி ஒன்று. சுவர் அதன் அடிவரை ஏறி, பயந்தவன் மாதிரி நின்றுவிட்டிருந்தது. இறக்கைகள் பாதி இந்தக் கம்பெனியிலும் பாதி அந்தக் கம்பெனியிலும் சுற்றின.

"ஏன் சார், வேர்த்தா யார் கம்பெனி சுவிட்சு?"

"ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்," என்றார் மச்சான். சின்ன முதலாளி அவரை முறைத்தார்.

ஆய்வாளர் விசிறியைப் பார்த்தார். "காத்தைப் பங்கு போட்டுக்கறது குத்தம் இல்ல," என்று உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். "ஹாரன், உங்க காலுக்கு ஏதாவது வழி பண்ணிட்டு வாங்க. ஒத்தைச் செருப்போட நொண்டறதுல எனக்குக் கவனம் சிதறுது."

அது உத்தரவு என்று ஹாரனுக்குத் தெரியும். அவரை எங்கேயாவது போகச் சொன்னால், அங்கே போய்ப் பேசச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்துப் பத்துப் பேரையும் ஒரு சுற்றுச் சுற்றினார். அலமாரியில் முடிந்த செருப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பக்கமாக முனை திரும்பி, வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தன. சுவர் ஆணிகளில் தொங்கிய கால் வடிவ மர அச்சுகளும் அதே கோபத்தோடுதான் தொங்கின. 'அழகாத்தான் அடுக்கியிருக்காங்க' என்று நினைத்துக்கொண்டார்.

வார் தைக்கும் அக்கா ஒருத்தி அவர் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"இந்தாங்கண்ணே. தையல் கோணிடுச்சுன்னு கழிச்சது. போட்டுக்கங்க."

ஹாரன் வலதுகாலை நுழைத்தார். கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"அக்கா, இது இடதுகால் செருப்பு."

"ஆமா."

"எனக்கு அறுந்தது வலது."

"வலதா? அதுக்கு அந்தப் பக்கம்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தையல் மெஷினுக்குள் தலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் மெஷின்தான் பதில் சொன்னது.

ஹாரன் இடது செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் கோடிக்கு நொண்டினார். அங்கே பின்சுவரில் ஒரு சதுர ஓட்டை. ஒரு தட்டு நுழையும் அளவு. அதன் அடியில் பெஞ்சு போட்டு, முடிந்த செருப்புகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

திடீரென்று சுவருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.

ஹாரன் ஓரடி பின்னால் துள்ளினார். வளையல் போட்ட, தோல் சாயம் ஏறிக் கறுத்த கை. பெஞ்சிலிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் தடவியது. ஒன்றை விட்டது, இன்னொன்றை எடுத்தது, மறைந்தது.

"யாருங்க உள்ள?"

"வெளிய யாரு?" என்றது சுவர்.

"ஜீப் டிரைவர்."

"ஜீப்புக்குச் செருப்பு கிடையாது. தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஹாரன் மேஜைக்குத் திரும்பி வந்து ஆய்வாளரின் காதருகே குனிந்தார்.

"மேடம், இப்படி ஒரு கஞ்சக் கம்பெனியைப் பாத்ததே இல்ல. ஒரு காலுக்குக் குடுத்துட்டு இன்னொரு காலுக்கு அந்தக் கம்பெனிக்குப் போகச் சொல்றாங்க. போதாததுக்குச் சுவரே செருப்பு எடுக்குது."

புரண்டுகொண்டிருந்த பக்கம் பாதியில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"சுவர் செருப்பு..."

"அதுக்கு முன்னாடி."

ஹாரன் திருப்பிச் சொன்னார். ஆய்வாளர் எழுந்து அலமாரியை ஒரு தடவை பார்த்தார். ஆணியில் தொங்கிய அச்சுகளை ஒரு தடவை பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"ஒரு உதவி," என்றார் சின்ன முதலாளியிடம். "என் டிரைவருக்கு உங்க கம்பெனி செருப்பு ஒரு ஜோடி வேணும். காசு குடுத்துத்தான் வாங்குவார்."

"இவ்வளவுதானா? யாருப்பா அங்க, சாருக்கு ஒரு ஜோடி எடு!"

யாரும் அசையவில்லை. பசை தடவிக்கொண்டிருந்த ஆள் பசையை இன்னும் கவனமாகத் தடவினார். மச்சான் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

"காது கேக்கலையா?" என்று சின்ன முதலாளி தானே போய் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் இடது. ஒன்றை மாற்றினார். அதுவும் இடது. மேல்தட்டில் தேடினார், கீழ்த்தட்டில் குனிந்தார். மேஜைமேல் பதினொரு இடதுகால் செருப்புகள் சேர்ந்த பிறகு அவர் முகம் வெளுத்தது.

"நீங்க எப்பவும் மாடி அறையிலயே இருப்பீங்களா?" என்று ஆய்வாளர் மிக மெதுவாகக் கேட்டார்.

"ஆமா... ஏன்?"

"சும்மா கேட்டேன். ஹாரன், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க."

ஹாரன் நொண்டிப் போய் நொண்டி வந்தார். "எல்லாம் வலதுதான் மேடம். இந்தக் கம்பெனி செருப்பு வாங்கறவர் சுவரைச் சுத்திப் போய் அடுத்த கம்பெனிக்கு இன்னொரு தடவை வாடிக்கையாளர் ஆகணும். நல்ல வியாபாரம்."

"அது... அதுதான் எங்க ஸ்பெஷாலிட்டி," என்றார் மச்சான்.

"நீ வாயை மூடு மச்சான்!"

பின்சுவரின் ஓட்டையிலிருந்து அதே குரல் வந்தது. "பெரிய முதலாளி போட்ட ஏற்பாடும்மா. ஒரு தடவை ஒரு பெட்டி முழுக்க ரெண்டு ரெண்டு இடதாப் போயிடுச்சு. கடைக்காரர் அதை இங்க கொண்டு வந்து கொட்டிட்டுப் போனார். அன்னைக்கு உக்கார வச்சதுதான். நடுவுல நடைபாதை, இடது தைக்கறவங்க இந்தப் பக்கம், வலது தைக்கறவங்க அந்தப் பக்கம். மூணு மாசம் முன்னாடி அதே நடைபாதை மேல சுவர் எழுப்பிட்டாங்க. யாரும் இடம் மாற வேண்டாம் பாருங்க, அதான் வசதின்னு."

கூடம் முழுவதும் தலை குனிந்து சிரித்தது. பத்து முதுகுகள் இந்தப் பக்கமும் ஒன்பது முதுகுகள் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் குலுங்கின.

சின்ன முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு, ஹாரன் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக, சிரித்தார்.

"சரி மேடம். பிடிச்சிட்டீங்க. ஒரே கம்பெனிதான், ஒத்துக்கறேன். இந்தப் பக்கம் பத்து. அந்தப் பக்கம் ஒன்பது. கூட்டினா?"

ஹாரன் விரல்விட்டுக் கூட்டினார். பத்தொன்பது.

"சட்டம் இருபது கேக்குது," என்றார் சின்ன முதலாளி. காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். "மச்சான் பங்குதாரர், தொழிலாளி இல்ல. டிரைவர் சாருக்கு ஒரு ஜோடி நானே அனுப்பி வைக்கறேன்."

"சுவர் விழுந்தாலும் கூரை நிக்கணும்னு பாத்திருக்கீங்க," என்றார் ஆய்வாளர். "உள்ள இருக்கறவங்க?"

"ஜோடியம்மாவா? அவங்க எந்தப் பதிவேட்டுலயும் கிடையாது, பாத்துக்கங்க. எங்க குடும்பத்துக்கு ரொம்ப நாளா வேண்டியவங்க. வீட்ல பொழுது போகல, இங்க வந்து உக்காருவாங்க. எனக்கு அம்மா மாதிரி."

"அம்மா மாதிரின்னா ஒரு நாளாவது உன் காதைத் திருகியிருப்பேனே," என்றது ஓட்டை.

ஆய்வாளர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். சின்ன அறை. ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, இரண்டு கம்பெனிக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு ஓட்டைகள், நடுவில் ஜோடியம்மா. குள்ளமான, கண்ணாடி போட்ட பெண்மணி. இரண்டு கையாலும் இரண்டு ஓட்டையிலிருந்தும் செருப்பு எடுத்து, தோலின் நிறமும் தடிமனும் அளவும் ஒத்துப்போகிற ஜோடியைக் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"கடிதம் நீங்க எழுதினதா?"

"பேர் போடாத கடிதத்தை யார் எழுதினான்னு கேக்கலாமா?" என்றார் ஜோடியம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பக்கம் கேட்டா நீங்க இந்தப் பக்கத்து ஆளும்பாங்க. இந்தப் பக்கம் கேட்டா அந்தப் பக்கம். கண்ணும் முன்ன மாதிரி இல்ல. தனி ஆளு நான். வெள்ளிக்கிழமைக்கு மேல வீட்டு வாடகைக்கு என்ன பண்றதுன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்."

ஆய்வாளர் கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொழுது போக்கத்தான் வர்றீங்கன்னு முதலாளி சொல்றார். அப்படின்னா இன்னைக்கு வேற மாதிரி போக்குவோம். வெளிய வந்து என்னோட உக்காந்து பேசுங்க. ஒரு அரை மணி நேரம்."

ஜோடியம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, மிக மெல்ல, முகம் மலர்ந்தது. கையிலிருந்த செருப்பை வைத்துவிட்டு எழுந்தார்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஜோடியம்மா தன் பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் பற்றிச் சொன்னார். ஆய்வாளர் அக்கறையாகக் கேட்டார். பத்தாவது நிமிடத்தில் இரண்டு பெஞ்சுகளும் நிரம்பின. பதினைந்தாவது நிமிடத்தில் செருப்புகள் தரையில் சரிய ஆரம்பித்தன. வாசலில் சரக்கு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"நல்ல ஹாரன்," என்றார் நம் ஹாரன் ஏக்கத்தோடு.

"பன்னிரண்டு மணிக்கு லோடு ஏத்தணும்," என்று மச்சான் முணுமுணுத்துவிட்டுத் தானே அறைக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஐந்து ஜோடி கட்டிக் கொண்டுவந்தார். ஹாரன் ஒன்றை வாங்கிப் பார்த்தார். ஒன்று ஏழாம் நம்பர், ஒன்று எட்டு. அடுத்ததில் ஒன்று காபி நிறம், ஒன்று பால் அதிகமான காபி நிறம்.

"அண்ணன் தம்பி மாதிரி இருக்கு சார். இரட்டைப் பிள்ளை மாதிரி இல்ல."

வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். ஜோடியம்மா மருமகள் கதையை முடித்து மாமியார் கதையை ஆரம்பித்தார். சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஜோடியம்மா! வேலை நேரத்துல என்ன உக்காந்து அரட்டை? எழுந்து போய் எடத்துல உக்காருங்க! இந்த லோடு போகலன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கூடத்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விசிறி மட்டும் இரண்டு கம்பெனியிலும் சுற்றியது.

"பொழுது போக்க வந்தவங்களுக்கு வேலை நேரமா?" என்று ஆய்வாளர் கேட்டார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அம்மா மாதிரி இருக்கறவங்களை நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு நீக்க முடியுமா?"

"அது... கோவத்துல..."

"சரி, இதைச் சொல்லுங்க. சுவர் கட்டினப்போ மேஸ்திரிகிட்ட ரெண்டு ஓட்டை விடச் சொன்னது யாரு?"

"நான்தான்," என்றார் மச்சான் பெருமையாக. "இல்லன்னா ஒரு ஜோடி கூட வெளிய போகாதே!"

"மச்சான்!!"

"யாரும் சும்மா வந்து போறவங்களுக்காகச் சுவர்ல ஓட்டை போட மாட்டாங்க," என்றார் ஆய்வாளர். "அந்த ரெண்டு ஓட்டைதான் இவங்களோட நியமன உத்தரவு. முத்திரை மட்டும் இல்ல. அதை நான் போட்டுக்கறேன்."

பேனாவைத் திறந்தார். பத்தொன்பதை எழுதினார். அதன் கீழே ஒன்றை எழுதிக் கூட்டினார். இருபத்துநாலு வருடத்துக்கும் சேர்த்து ஜோடியம்மாவை ஓய்வூதிய நிதியில் சேர்க்க உத்தரவு என்றும், மற்ற பத்தொன்பது பேரையும் அவரவர் சேர்ந்த நாளிலிருந்து என்றும் எழுதி, சின்ன முதலாளியிடம் நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி இருந்தும், செருப்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கம்பெனின்னு எழுதினீங்க?" என்று கேட்டார் ஜோடியம்மா. "நான் அதைத்தானே கேட்டிருந்தேன்?"

"ஒரே கம்பெனிதாம்மா. ரெண்டு காலும் சேர்ந்தது."

"அதையும் எழுத்துல குடுங்க. பேர் போட்டு."

ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். ஜோடியம்மா தன் பெயர் எழுதியிருந்த இடத்தைச் சாயக்கறை விரலால் ஒரு தடவை தடவினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையோட நீங்க ஓய்வு எடுக்கலாம்."

"ஆள் பழக்கிக் குடுத்துட்டுத்தான் போவேன். இல்லன்னா இவன் ஊருக்கே ரெண்டு ரெண்டு இடதை வித்துடுவான்." பிறகு ஹாரனைப் பார்த்து, "ஜீப்பு, அந்தச் செருப்பை இப்படிக் குடு," என்றார். தையல் கோணிய இடதை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தார். வலது குவியலுக்குள் பார்க்காமலே கையை விட்டு ஒன்றை உருவினார். நிறம், தடிமன், அளவு, எல்லாம் கச்சிதம்.

"காசு குடுத்துட்டு வாங்குங்க," என்றார் ஆய்வாளர். "இல்லன்னா அடுத்த வழக்கு உங்க மேலதான்."

ஜீப் கிளம்பியது. புதுச் செருப்போடு கிளட்சை மிதிப்பது ஹாரனுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம ஆபீஸ் பதிவேட்டுல நான் எந்தக் கம்பெனி?"

சிரிக்கத்தான் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு ஆய்வாளர் முன்னாலிருந்த பயணப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஹாரனின் கையெழுத்து.

"இது எத்தனையாவது புத்தகம்?"

"பதினேழு மேடம்."

"மீதிப் பதினாறு?"

"பின்சீட்டுக்கு அடியில. யாரும் கேக்கல, நானும் தூக்கிப் போடல."

"ஒரு நாள் கூட விடாம?"

"ரெண்டு நாள் விட்டிருக்கேன். பொண்ணு பிறந்தப்போ."

ஆய்வாளர் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு இன்னொரு சோதனை பாக்கி இருக்கு ஹாரன். நம்ம ஆபீஸுக்கே விடுங்க. அங்கயும் ஒரு ஆள் பதினோரு வருஷமாப் பதிவேட்டுல வராம வேலை செய்யறாராம்."

"யார் புகார் குடுத்தது மேடம்?"

"இன்னும் குடுக்கல. பேர் போட்டுக் குடுத்தார்னா எனக்கு வேலை சுலபம்."

ஹாரன் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்தார். நாலு வருடத்தில் அந்த ஜீப் சத்தமே இல்லாமல் அலுவலகம் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.